எல்லாருக்கும்தான் அசதி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமா? அப்பாவின் இருமல் குறைந்ததா?

'நலம்' என்று எழுதிவிட்டேன் பார். கடிதம் என்றதும் கை தானாக அதைத்தான் எழுதுகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனைக் காதில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசினாலே கை தொங்கிவிடுகிறது. சொல்ல வந்த சொல் நாக்கு வரை வந்து நின்றுவிடுகிறது. கடிதமென்றால் நாலு வரி எழுதலாம், படுக்கலாம், எழுந்து இன்னும் நாலு வரி எழுதலாம். அதோடு, போனில் நீ என்னைப் பேசவே விடுவதில்லை. காகிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாய்: "எல்லாருக்கும்தான்டி அசதி. ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்து நான் நிக்கலையா?" நான் "சரிக்கா" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். வாண்டு வந்து, "யாரும்மா போன்ல?" என்றாள். "ராங் நம்பர்" என்றேன்.

போன வருஷம் டாக்டர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொன்னபோது நீதான் எனக்கு விளக்கினாய். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கிறது என்றாய். கண் மங்கியது என்றேன், நம்பினாய். கால் மரத்தது என்றேன், நம்பினாய். அசதி என்றதும் சிரித்துவிட்டாய்.

தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை அக்கா இது. குளித்துவிட்டுத் தலை துவட்டக் கையைத் தூக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. ஈரத் தலையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். வலியும் இல்லை, தூக்கமும் இல்லை. உடம்பை மட்டும் வைத்துவிட்டு யாரோ என்னை எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகுதான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஓட்டல் சலவைக்கூடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுக்கிற இடத்தில் நிற்கிறேன். அந்த ஆவி முகத்தில் அடித்தால் கால் இரண்டும் வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது. மேற்பார்வையாளர் சொல்கிறார்: "நேத்து நல்லாத்தானே இருந்தே?"

ஆமாம், நேற்று நன்றாகத்தான் இருந்தேன். அதற்காக இன்று அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 16

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். அப்பாவுக்கு இருமல் தேவலை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மூன்று வேளையும் சூடாக இருந்தால்தான் சாப்பிடுகிறார். ஷிப்டுக்கு நடுவில் ஓடிவந்து போட்டுவிட்டுப் போகிறேன்.

உன் கடிதத்தை வார்டில் நின்றுகொண்டே படித்தேன், உட்கார நேரமில்லை. கோபித்துக்கொள்ளாதே, எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. என் வார்டில் கழுத்துக்குக் கீழே அசைவே இல்லாமல் படுத்திருக்கிறவர்களைத் தினமும் திருப்பிப் போடுகிறேன். நீ நடக்கிறாய், வேலைக்குப் போகிறாய், இவ்வளவு நீளக் கடிதம் எழுதுகிறாய். படுத்தால் இன்னும் படுக்கத்தான் தோன்றும். காலையில் சீக்கிரம் எழுந்து நட. இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. மதியம் படுக்கவே படுக்காதே. மதியத் தூக்கம் ஒரு பழக்கம், அதில் விழுந்தால் எழவே மாட்டாய். நான் பார்த்திருக்கிறேன்.

வாண்டு எப்படிப் படிக்கிறாள்? நீ வேலையிலிருந்து வந்து படுத்துவிட்டால் ராத்திரிச் சமையல் யார் செய்கிறார்கள்?

அன்புடன்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அப்பா நலமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். கிழிக்கக்கூடக் கையில் தெம்பில்லை, பிழைத்தது.

நடந்தேன் அக்கா. நீ சொன்னபடி வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருமுனை வரை போனேன். திரும்பும் வழியில் கால் வரவில்லை. மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் வெளியே வந்து, "யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "ஆமாம், என் காலுக்கு" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துத் தரையில் படுத்து அழுதேன். அன்று வேலைக்குப் போகவில்லை. அந்த நடை என் அன்றைய கூலியைத் தின்றுவிட்டது.

மறுநாள் எல்லார் முன்னாலும் மேற்பார்வையாளர் கேட்டார்: "என்னம்மா, லீவு நாள்ல வாக்கிங் போறியாமே? மருந்துக்கடை வாசல்ல பாத்ததா சொன்னாங்க."

தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். "சார், எனக்குக் கால் ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்தா இப்படிக் கேப்பீங்களா?" என்றேன். "கட்டு இருந்தா நம்பியிருப்பேன்" என்றார்.

அவர் சொன்னதுதான் நீயும் சொன்னாய். அவருக்கு வெள்ளைத் தொப்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மதியத் தூக்கத்தைப் 'பார்த்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தாயே, யாரைச் சொல்கிறாய்?

வாண்டு நன்றாகப் படிக்கிறாள்.

உன் தங்கை


ஏப்ரல் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். அப்பாவும் நலம்.

வெள்ளைத் தொப்பி போடுவதை நாங்கள் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. திட்டுவதானால் சரியாகத் திட்டு.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. சமையல் யார் செய்கிறார்கள்?

இங்கே குவார்ட்டர்ஸுக்கு எதிரிலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. தலைமையாசிரியை எனக்குத் தெரிந்தவர், பேசிவிட்டேன். அடுத்த வருஷம் வாண்டு இங்கே வந்து படிக்கட்டும். உனக்கு உடம்பு தேறுகிற வரையில்தான். என்னிடம் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது. உனக்கும் பாரம் குறையும். அவள் கையில் பட்ட சூட்டுக் காயம் ஆறிவிட்டதா? தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். களிம்பு அனுப்புகிறேன்.

யோசித்து எழுது. கோபத்தில் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 7

அக்காவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன்.

சூட்டுக் காயம் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை. போனிலும் சொல்லவில்லை. களிம்பு அனுப்புகிற அளவுக்கு உனக்கு எப்படித் தெரிந்தது?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் கேட்டேன். "அக்காவுக்கு நீங்க போன் பண்றீங்களா?"

சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "எப்பவாவது."

"எங்கேருந்து?"

"கார்லேருந்து. கிளாஸுக்கும் கிளாஸுக்கும் நடுவுல. யார்கிட்டயாவது சொல்லணும்ல? வந்தா நீ படுத்திருக்கே. கிளம்பினா படுத்திருக்கே. நான் மனுஷன் இல்லையா?"

ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். யாரோ ஒரு அம்மா ஒன்பதாவது தடவையாக வண்டியை நடுரோட்டில் நிறுத்தினாலும், "பரவாயில்லைம்மா, மெதுவா கிளட்சை விடுங்க" என்று சொல்லுகிற பொறுமைசாலி. அந்தப் பொறுமை வாசலில் செருப்போடு நின்றுவிடுகிறது.

ஆக, என் மகளை எங்கே அனுப்புவது என்று நீயும் அவரும் பேசி, பள்ளிக்கூடம் பார்த்து, அறையும் ஒழித்துவிட்டீர்கள். பெற்றவளிடம் கடைசியில் 'யோசித்து எழுது' என்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். இன்னொரு முறை கேட்காதே.

அவர் இன்னொன்றும் சொன்னார். "உங்க அக்காவே சொன்னாங்க, நீ உங்க அம்மா மாதிரியே ஆயிட்டேன்னு."

அப்படியா சொன்னாய்?

அன்று முழுக்க அம்மாவையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அம்மா எப்போதும் சிமென்ட் தரையில்தான் படுப்பாள், கன்னத்தைத் தரையோடு வைத்து. வெயில் காலத்தில் இன்னும் மோசம். காலையில் பாட்டுக்கூடப் பாடுவாள், மதியத்துக்குள் சுருண்டுவிடுவாள். ஒரு வருஷம் ஒரு கண் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பிறகு அதுவாகவே சரியானது. டம்ளரைக் கீழே போட்டுக்கொண்டே இருப்பாள். எனக்கே இவ்வளவு ஞாபகம் இருக்கிறது. உனக்கு இன்னும் அதிகம் இருக்கும்.

இந்த முறை நரம்பு டாக்டரிடம் கேட்டேன். இறந்துபோனவருக்கு இன்னதுதான் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஆனால் இருந்திருக்கலாம் என்றார். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு வர வாய்ப்புக் கொஞ்சம் கூடுதலாம்.

நீ நர்ஸ். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உனக்குத் தோன்றவில்லையா?

உன் தங்கை


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. களிம்பு மட்டும் வந்தது, ஒரு வரிகூட எழுதாமல்.

இங்கே சூடு தாங்கவில்லை. போன வாரம் உருளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். விரிப்பு சிக்கிப் புகைந்து, இயந்திரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. மேற்பார்வையாளர் ராஜினாமா எழுதித் தரச் சொன்னார். முடியாது என்றேன். டாக்டர் சான்றிதழை நேராக ஓட்டல் மேலாளரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் படிக்கட்டை ஏறியதும் பேச மூச்சில்லை, காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். துணிகளைப் பிரித்து அனுப்பும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே மின்விசிறி இருக்கிறது, முக்காலி இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்தால் இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

எழுது. திட்டியாவது எழுது.

உன் தங்கை


ஜூன் 20

சின்னவளுக்கு,

சொன்னேன். அம்மா மாதிரி ஆகிவிட்டாள் என்று உன் வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன்.

நீ கேட்டதற்குப் பதில்: தோன்றியது. பயிற்சிக் காலத்தில் நரம்பு வார்டில் போட்டபோதே தோன்றியது. அங்கே ஒரு பெண் அதே மாதிரி கன்னத்தைக் கட்டில் கம்பியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். கேஸ் ஷீட்டைப் படித்தேன். மூடி வைத்தேன். வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏன் தெரியுமா? எனக்குப் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா தரையில் கிடப்பாள். நீ அவள் பக்கத்தில் மூக்கொழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன்னைக் கழுவி, சோறு வடித்து, துணி அலசிவிட்டு நான் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நகரும். வகுப்பில் தூங்கியதற்காக டீச்சர் என்னை பெஞ்ச் மேல் ஏற்றினார். 'வீட்ல என்ன வேலை உனக்கு?' என்று கேட்டார். எங்கள் அம்மா சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? உன் முதல் பாவாடை தைத்தது நான். உனக்கு அம்மை போட்டபோது கண்விழித்தது நான். கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது எல்லாரும் காரணம் கேட்டீர்கள். ஒரு குடும்பத்தை ஏற்கெனவே நடத்தி முடித்துவிட்டேன், அதுதான் காரணம்.

அத்தனையையும் நான் தாங்கியது அவள் மேல் இருந்த கோபத்தால்தான். அது ஒன்றுதான் என்னுடையது. இப்போது நீ வந்து, அவள் நோயாளி என்கிறாய். சரி. அப்படியானால் நான் யார் மேல் கோபப்படுவது? சொல்.

உன் மகளை எனக்காகக் கேட்டேன் என்று நினைத்தாயா? அடுப்பிலிருந்து எடுக்கத்தான் கேட்டேன். கையில் சூடு என்று உன் வீட்டுக்காரர் சொன்னபோது எந்த இடத்தில் என்று கேட்டேன். மணிக்கட்டுக்கு மேலே என்றார். சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டினால் அங்கேதான் படும். எனக்கு அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நாலு மாதமாகக் கேட்கிறேன். சமையல் யார் செய்கிறார்கள்?

அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டுதான் செய்கிறாள்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத நாலு மாதம் ஆகியிருக்கிறது.

முதலில் முட்டை வேக வைத்தாள். பிறகு சோறு. நான் சொல்லவில்லை அக்கா, ஆனால் தடுக்கவும் இல்லை. படுத்தபடியே பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து போக வேண்டும் என்று மனசு பாயும், உடம்பு அங்கேயே கிடக்கும். "நீ படும்மா, நான் பாத்துக்கறேன்" என்பாள். பதினொரு வயது. அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு என் மேல் வருகிற ஆத்திரம், அந்த மேற்பார்வையாளர் மேல்கூட வராது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு உன்னிடம் சொல்ல ஆறுதல் ஒன்றும் தெரியவில்லை. பாவாடை ஞாபகம் இருக்கிறது, பச்சை நிறம். யார் தைத்தது என்று நான் கேட்டதே இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அம்மா தரையில் கிடந்தாள், நீ அடுப்படியில் நின்றாய், நான் மூக்கொழுகிக்கொண்டிருந்தேன். அப்பா எங்கே இருந்தார்? உன் கடிதத்தில் அவர் ஒரு இடத்தில்கூட வரவில்லை. கை கால் நன்றாக இருந்த ஒரே பெரிய மனுஷர் அந்த வீட்டில் அவர்தானே?

இங்கேயும் அதுதான் நடக்கிறது. ஒருத்திக்கு முடியவில்லை என்றதும் அடுத்த பெண்ணைத் தேடுகிறார்கள். முதலில் வாண்டு. அவள் கையைச் சுட்டுக்கொண்டதும் நீ. கார் ஓட்டத் தெரிந்தவருக்கு அடுப்பு பற்ற வைக்கத் தெரியாது என்று நாம் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம்.

நேற்று அவரை உட்கார வைத்துப் பேசினேன். காலையிலிருந்து படுத்து அதற்கென்று தெம்பு சேர்த்து வைத்திருந்தேன்.

"இனிமே ராத்திரிச் சமையல் நீங்க. வாண்டு அடுப்புக்கிட்ட போகக்கூடாது."

"எனக்கும் அசதியாத்தான் இருக்கு. நாள் முழுக்க வெயில்ல..."

"தெரியும். உங்க அசதி தூங்கி எந்திரிச்சா போயிடும். எனக்குப் போகாது. அதனாலதான் கேக்கறேன்."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"அவளுக்கும் தெரியாது. கையைச் சுட்டுக்கிட்டுத்தான் கத்துக்கிட்டா. நீங்களும் சுட்டுக்கங்க."

கதவை அறைந்துவிட்டு வெளியே போனார். வாண்டு பற்ற வைத்துவிடாதபடி நான் எழுந்து கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். பசியோடு கிடந்தோம், நானும் வாண்டும். பிறகு அவர் வந்தார். சமையலறையில் விளக்கைப் போட்டு, "அரிசிக்கு எவ்ளோ தண்ணி?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். வாண்டு எழப் போனாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். படுத்தபடியே நான் சொன்னேன், அவர் செய்தார். குழைந்துபோனது. சாப்பிட்டோம். இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவர் உனக்குப் போன் செய்வார். அவருக்கு ஆறுதல் சொல்லாதே. அது மட்டும் எனக்காகச் செய்.

உன் தங்கை


ஆகஸ்ட் 1

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ நலமாக இருக்க மாட்டாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரர் போன் செய்தார். "என்னக்கா, உங்க தங்கச்சி இப்படிப் பண்றா" என்று ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, இன்னைக்கு என்ன சமைச்சீங்க?" என்று கேட்டேன். "உருளைக்கிழங்கு" என்றார். "கிழங்கு வெந்துச்சா?" என்றேன். "பாதி" என்றார். "அப்ப போய் மீதியை வேக வைங்க" என்று வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாண்டு லீவுக்கு வரட்டும், விளையாட.

நீ கேட்ட கேள்வியை இத்தனை நாளும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். வார்டில் ஆளைத் திருப்பும்போதும் அதுதான். அப்பா எங்கே இருந்தார்? நாற்காலியில் இருந்தார் சின்னவளே. வாசலுக்குப் பக்கத்தில், காற்று வருகிற இடத்தில். நான் தட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். இன்றைக்கும் அதேதான் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு அது உறைக்கவே இல்லை.

இன்று மதியம் ஷிப்டுக்கு நடுவில் வந்தேன். சோறு, காய், எல்லாம் காலையிலேயே செய்து அடுப்பு மேல் மூடி வைத்திருந்தேன். அப்பா நாற்காலியிலிருந்தே, "வந்துட்டியா? போடு" என்றார்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன். "அப்பா, அம்மாவுக்கு என்ன இருந்துச்சு?"

"எப்ப?"

"எப்பவும். தரையிலயே கெடந்தாளே. ஒரு கண்ணு தெரியலைன்னாளே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சோம்பலுக்கு ஏது டாக்டர்? அவ சுபாவம் அது. அதான் நீ இருந்தியே, எல்லாத்தையும் பாத்துக்கிட்டே" என்றார். என்னைப் பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

முப்பது வருஷமாக அவள் மேல் வைத்திருந்த கோபம் அத்தனையும் எனக்குள் இடம் மாறியதை உணர்ந்தேன். கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அம்மாவை ஒரு தடவைகூட நான் 'என்னம்மா செய்யுது?' என்று கேட்டதில்லை. இந்த மனுஷரும் கேட்டதில்லை. நான் குழந்தை. இவர்?

"சோறு அடுப்பு மேல இருக்கு. எந்திரிச்சுப் போட்டுக்கங்க" என்றேன்.

"என்ன?"

"உங்களுக்குக் காலு நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் பூங்காவுல நாலு சுத்து சுத்தறீங்க. போட்டுக்கங்க."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போல. நான் அறைக்குள் வந்து கட்டிலில் படுத்தேன். பட்டப்பகலில் படுத்தது எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. படுத்ததும்தான் எனக்கு எவ்வளவு முடியவில்லை என்று தெரிந்தது. என்னுடையது தூங்கினால் போய்விடும். உனக்குப் போகாது. நம்புகிறேன்.

படுத்தபடிதான் இதை எழுதுகிறேன். வெகுநேரம் கழித்து நாற்காலி நகர்ந்தது. இப்போது சமையலறையில் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடுகிறார். "தட்டு எங்க இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது அவருக்கு.

மூன்றாவது தடவையும் கேட்கிறார். தேடட்டும்.

இப்படிக்கு,
அக்கா